இருமத் தெரியாத பிள்ளைகள்

எங்கள் ஊர் அனல்மின் நிலையத்தை மூடியதன் பதினைந்தாம் ஆண்டு விழா. அதை மூடக்கூடாது என்று கடைசிவரை கோர்ட்டில் மல்லுக்கட்டிய பழைய முதலாளி மோகனரங்கம்தான் தலைமை விருந்தினர். இப்போது சோலார் விற்கிறார். ‘தூய காற்றின் காவலர்’ என்று பேனர் வைத்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தியபோது அந்த ஆள் கூச்சப்படக்கூட இல்லை.

அடுத்து என் வகுப்புப் பிள்ளைகளின் நாடகம். ஊரின் பழைய நிலைமையைக் காட்ட வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய் வார்டையே மூடிவிட்ட பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இருமத் தெரியவில்லை. பனிமலர் இருமியது கோழி கொக்கரிப்பது போல இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

மோகனரங்கம் மேடையிலேயே எழுந்தார்.

“அப்படி இல்ல பாப்பா. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு குனியணும். மூச்சு இழுக்கறப்போ விசில் மாதிரி சத்தம் வரணும்.”

செய்தும் காட்டினார். நீளமான இருமல், நடுவே ஒரு விசில், கடைசியில் “ஒண்ணுமில்ல சார்” என்று ஒரு முனகல். கூட்டம் கைதட்டியது.

நான் கைதட்டவில்லை.

“யார்கிட்ட சார் கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

“எங்கிட்ட எத்திராஜ்னு ஒரு டிரைவர் இருந்தான்மா. தினமும் கார்ல இதே கச்சேரிதான்.”

எத்திராஜ் என் அப்பா. அவர் நெஞ்சுநோயில் இறந்த பிறகு நாங்கள் போட்ட நஷ்டஈட்டு வழக்கில், “அவன் இருமி நான் ஒருநாளும் கேட்டதில்லை” என்று கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ததும் இதே வாய்தான்.