வெளி வில்லில் என்ன நிறம்?

"அப்பா ஒளிச்சுவெச்ச டப்பாவைத் தேடி நீங்க மட்டும் போகவே கூடாது" என்று என் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

காரணம் இருக்கிறது. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இந்த மனுஷருக்கு, யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அந்த இடத்திலேயே திருத்தியாக வேண்டும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், செத்தவரின் வயதைத் திருத்திவிட்டு வந்தவர்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறார். சும்மா உட்காரப் பிடிக்காமல் போனில் ஒரு விளையாட்டில் சேர்ந்தார். ஊருக்குள் எங்காவது ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இயற்கையின் விநோதங்களைப் பற்றிப் புதிர் போடுவார்கள். விடை தெரிந்தால் இடம் தெரியும். டப்பாவுக்குள் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். இதற்கு ஒரு கூட்டமே அலைகிறது.

முதல் தடவையாக அப்பாவே ஒரு புதிர் போட்டார். இரட்டை வானவில் வரும்போது, வெளியே மங்கலாகத் தெரியும் வில்லின் மேல்விளிம்பு என்ன நிறம்? சிவப்பு என்றால் பூங்காவின் இடக்கோடி பெஞ்சுக்கு அடியில் பார். ஊதா என்றால் வலக்கோடி.

வாரக்கணக்காகியும் ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. "டப்பா இல்லை" என்று வரிசையாக எழுதிவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் எடுக்காவிட்டால் புதிரையே தூக்கிவிடுவார்களாம்.

"தினமும் போய்ப் பார்க்கிறேம்மா, வெச்ச இடத்துல அப்படியேதான் இருக்கு" என்றார் அப்பா. "என்னைக் கிறுக்கன்னு நினைக்கிறாங்க. இதுவும் போச்சுன்னா இந்த விளையாட்டையே தலைமுழுகிடுறேன்."

சாப்பாடும் அவருக்குச் சரியாக இறங்கவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் பேண்ட் கிழிந்து வந்து நின்றார்.

"எங்க போனீங்க?"

"பூங்காவுக்கு."

"போகாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

அவர் நேராக அப்பாவிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மாமா, டப்பா கிடைச்சிடுச்சு. கையெழுத்தும் போட்டாச்சு."

அப்பா எழுந்தே விட்டார். "சிவப்புன்னு எப்படி மாப்பிள்ளை பிடிச்சீங்க? ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியலையே!"

"ரொம்ப யோசிக்க வேண்டியதாப் போச்சு மாமா. கஷ்டமான புதிர்."

ஊரே தோற்ற இடத்தில் இவர் ஜெயித்தாராம். இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லியே பீற்றிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தபடியே போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவர், வெகுநேரம் யார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பெருமையடிக்க இப்படியா ஒரு மனுஷன் அலைவான்?

ஞாயிற்றுக்கிழமை என்ன மாயமோ, ஆளாளுக்கு டப்பாவைக் கண்டுபிடித்தார்கள். "அருமையான புதிர்" என்று பாராட்டு குவிந்தது. அப்பா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் அந்தக் கூட்டத்தில் ஒருவர், பல் டாக்டர் அம்மா, அப்பாவைப் பார்க்கவே வீட்டுக்கு வந்தார். அடுத்த டப்பாவைக் காட்டுகிறேன் என்று அப்பா துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

டாக்டர் என் பக்கம் குனிந்தார். "அடுத்த தடவை விடையை யாராவது முன்னாடியே சரிபாருங்கம்மா. வெளி வில்லுல நிறம் தலைகீழா வரும். மேல ஊதாதான். அதனால நாங்க எல்லாருமே வலக்கோடிக்குத்தான் போனோம். அங்க பெஞ்சுக்கு அடியில ஒரு நாய் குட்டி போட்டிருக்கு. வந்தவங்களை எல்லாம் துரத்துச்சு."

எனக்குக் கிழிந்த பேண்ட் ஞாபகம் வந்தது. "அப்புறம் எப்படி இன்னைக்கு எல்லாரும் இடக்கோடிக்குப் போனீங்க?"

"உங்க வீட்டுக்காரர்தான் நேத்து ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணினாரே. 'சிவப்புன்னே வெச்சுக்கிட்டுப் போங்க, தயவுசெஞ்சு என் மாமனாரை யாரும் திருத்திடாதீங்க'ன்னு அப்படிக் கெஞ்சினார்."