தலைக்கு மேல் ஒரு கும்பிடு

காத்தமுத்துவின் வலக்கை தோளுக்கு மேல் எழாது. ஆலை இயந்திரம் சிதைத்த தோள் அது. நட்டஈடு கேட்டு வாயிலில் நின்றவனை, மேலாளர் மீது வலக்கையால் கல்லெறிந்தான் என்று சொல்லிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள். எழாத கை எப்படிக் கல்லை எறியும்? வழக்கறிஞர் மங்கையர்க்கரசியிடம் இருந்த ஒரே வாதம் அதுதான். அவனைச் சிறையிலிருந்து காக்க அதுவே போதும் என்று நம்பினார்.

நீதிபதி உள்ளே வந்தார். மன்றமே எழுந்து நின்றது. காத்தமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு, இடக்கையால் வலக்கையை மேலே தள்ளி, இரண்டையும் தலைக்கு மேல் குவித்தான். எத்தனை தலைமுறை குனிந்து பழகிய பணிவோ, முறிந்த எலும்பையும் உயர்த்திவிட்டது. நீதிபதி அமர்ந்து கோப்பைப் புரட்டினார்.

கூண்டருகே ஓடிய மங்கையர்க்கரசி, "கையை இறக்குங்க," என்று பதறினார்.

"ஐயா இன்னும் என்னையப் பாக்கலீங்களே, வக்கீலம்மா," என்றான் அவன். வலியில் கண்கள் நிறைந்திருந்தன.

அரசு வழக்கறிஞர் புன்னகையோடு எழுந்தார். "கனம் ஐயா, அந்தக் கும்பிடைக் கொஞ்சம் பாத்துடுங்க."

நீதிபதி தலை நிமிர்ந்தார். அவர் தன்னைப் பார்க்கிறார் என்று கண்டதும், காத்தமுத்துவின் கை மேலும் ஒரு சாண் உயர்ந்தது.