பனிவாரியின் ஆசை

தோழிகளோடு மலையில் பனிச்சறுக்குப் பயணம் போவதற்காகச் சாருமதி தன் முதுகுப்பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பளி ஸ்வெட்டர் மெத்தென்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பக்கத்தில் பனியை அள்ளுவதற்கான சின்னப் பனிவாரியைச் செருகினாள்.

"நீ மறுபடியும் வந்துட்டியா தம்பி?" என்று ஸ்வெட்டர் சிரித்தது. "நான் தினமும் குளிர் தாங்குறேன். நீ வெட்டிச் சுமையா வந்து, வெட்டியா திரும்புறே."

பனிவாரிக்கு முகம் சுருங்கிப்போனது. வாங்கிய நாளிலிருந்து அது ஒரு பிடி பனியைக்கூட அள்ளியதில்லை. "இந்தத் தடவையாவது எனக்கு ஒரு வேலை வரட்டும்" என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டது.

மறுநாள் மதியம் வேலை வந்தது. சரிவில் பனி மொத்தமாகப் பெயர்ந்து, முன்னால் போன தோழி ஒருத்தியை மூடிவிட்டது. சாருமதி பையைக் கவிழ்த்துப் பனிவாரியைப் பிடுங்கி எடுத்தாள். அள்ள அள்ளப் பனிதான் வந்தது. "ஐயோ, இன்னும் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறாளோ!" என்று பனிவாரி பதறியது.

கடைசியில் ஒரு முகம் தெரிந்தது. மூச்சு இருந்தது. ஸ்வெட்டரை அவளுக்குப் போர்த்தினார்கள்.

"தம்பி, இன்னைக்கு நீதான் ராஜா" என்றது ஸ்வெட்டர்.

பனிவாரியோ அந்தத் தோழியின் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் அது பல பயணங்கள் போனது. வேலை எதுவும் வராமல், ஈரம் படாமல் வீடு திரும்பிய ஒவ்வொரு முறையும் நிம்மதியாகத் தூங்கியது.