எட்டுப் பக்க வழக்கு

வக்கீலுக்குச் சிரிப்புதான் வந்தது. அடக்கிக்கொண்டார்.

எதிரே தையல்கார அம்மா. படுத்த படுக்கையாகிவிட்ட புருஷனை ஒற்றை ஆளாகத் தூக்கி உட்கார வைக்க, ஒரு காலத்தில் இடுப்புப் பட்டை ஒன்றைக் கண்டுபிடித்தவர். மேஜை மேல் இரண்டு பட்டைகள் கிடந்தன. ஒன்று அவருடையது. மற்றது, ஒரு கம்பெனி அதே மாதிரி செய்து பாதி விலைக்கு விற்பது. யாரோ பிரிந்த தையலைப் போடச் சொல்லிக் கொண்டுவந்தபோதுதான் பார்த்தாராம்.

"பட்டைக்குக் கேஸ் நிக்காதும்மா. பேட்டன்ட் இருபது வருஷம்தான். உங்களது போன வருஷமே முடிஞ்சிருச்சு. இனி யார் வேணா செய்யலாம்."

"செய்யட்டும் சார். நாலு பேருக்குக் கம்மி விலையில கிடைச்சா நல்லதுதானே. நான் வந்தது இதுக்கு."

இரண்டு பட்டைகளோடும் தரும் கையேடுகளை நீட்டினார். அவருடையது, எப்படிக் கட்டுவது, எப்படித் தூக்குவது என்று அவரே எழுதி, அவரே படம் வரைந்த எட்டுப் பக்கம். கம்பெனிக்காரன் அதே எழுத்தையும் படத்தையும் எடுத்துப் போட்டிருந்தான்.

இதற்கு நோட்டீஸ் விடலாம் என்றார் வக்கீல். பதிப்புரிமை அந்த அம்மாவின் ஆயுசுக்கும் இருக்கும், அதற்குப் பிறகும் பல வருஷம் இருக்கும். ஆனால் எழுத்துக்கும் படத்துக்கும் மட்டும்தான். அதே விஷயத்தை அவன் சொந்தமாக எழுதினால் கேட்க முடியாது.

"இவன்தான் சொந்தமா எழுதலையே," என்றார் அந்த அம்மா.

யானையை விட்டுவிட்டு அங்குசத்துக்கு மல்லுக்கட்டுகிறாரே என்று நினைத்துக்கொண்டே வக்கீல் எழுத ஆரம்பித்தார். நாலு பேருக்கு நல்லது என்றதெல்லாம் வாய்ப்பேச்சு. முன்வாசல் சாத்தியதும் பின்வாசலைத் தட்டுகிறார். அச்சடித்த பிரதிகளை அழிக்க வேண்டும், நஷ்டஈடு தர வேண்டும் என்று எழுதி, வாசித்துக் காட்டினார்.

அந்த அம்மா பேனாவை வாங்கி இரண்டையும் அடித்துவிட்டார்.

"அப்புறம் என்னதாம்மா கேக்கறது?"

"கொக்கி மாட்டின சத்தம் கேக்காம ஆளைத் தூக்காதீங்கன்னு படத்தோட ஒரு பக்கம் போட்டிருந்தேன். தாளை மிச்சம் பிடிக்க அதை விட்டுட்டாங்க. ஆளு கீழ விழுந்துடும் சார்."

தன் கையேட்டை வக்கீல் பக்கம் நகர்த்தினார்.

"காப்பியடிக்கிறதை முழுசா அடிக்கச் சொல்லுங்க. அது போதும்."