அக்கரையில் யார்?

“பலின்சாய் கிராமத்துல உங்களுக்கு யார் இருக்காங்க?”

செனட்டர் தொலோசா இப்படிக் கேட்டதும் அவையில் சலசலப்பு அடங்கியது.

செனட்டர் பெர்பெதுவா தகானாய் எழுந்தார். “தெரிஞ்சவங்க இருக்காங்க.”

“யாருன்னு சொல்லலாமா?”

“அது மசோதாவுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.”

“பாலத்துக்குச் சம்பந்தம் இருக்கும்போல.”

பின்வரிசையில் சிரித்தார்கள். பெர்பெதுவா விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எங்கெல்லாம் இருக்கிறார்களோ, அங்கெல்லாம் முதலில் பாலம், பிறகுதான் மற்ற வேலை. இதுதான் அவர் கொண்டுவந்த மசோதா. போன வருஷமும் கொண்டுவந்தார், தோற்றது. இந்த வருஷம் மறுபடியும். மசோதாவில் சொல்லியிருந்த ஊர்களில் முதலாவது பலின்சாய். தலைநகர் மணிலாவில் யாரும் கேள்விப்படாத ஊர். பெர்பெதுவாவின் சொந்த மாகாணம்கூட இல்லை. ஓட்டும் சொற்பம்.

பிறகு எதற்கு இந்த அம்மாவுக்கு இத்தனை அக்கறை?

ரேடியோக்காரர்கள் தாங்களே பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். அக்கரையில் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறார், பாலம் வந்ததும் சொகுசு விடுதி கட்டப் போகிறார் என்று காலை, மாலை பேசினார்கள். ஜீப்னி வண்டி ஓட்டுகிறவர்கள்கூட அவரைப் ‘பாலத்தம்மா’ என்றுதான் சொன்னார்கள்.

அவருடைய உதவியாளர் வில்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“மேடம், அந்த ஒரு ஊரை மட்டும் எடுத்துடலாம். தொலோசா வாயை மூடிக்குவார். மசோதா பாஸாயிடும்.”

“இன்னிக்கு ஒரு ஊரை எடுத்தா நாளைக்கு இன்னொரு ஊரை எடுக்கச் சொல்வாங்க. எதையும் எடுக்க மாட்டேன்.”

“அப்ப அங்க யார் இருக்காங்கன்னு சொல்லிடுங்களேன்.”

“அதையும் சொல்ல மாட்டேன்.”

தொலோசா கெட்டவர் அல்ல. மக்கள் பணத்தில் சொந்த வயலுக்குச் சாலை போட்டுக்கொண்ட ஒரு செனட்டரைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பியவர். இதிலும் அப்படி ஏதோ இருக்கிறது என்று நிஜமாகவே நம்பினார். இறுதி வாக்கெடுப்புக்கு முன்னால் தானே பலின்சாய்க்குப் புறப்பட்டார்.

ரோடு ஆற்றங்கரையோடு முடிந்துவிட்டது. அங்கிருந்து மூங்கில் தெப்பம். குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து ஒருவன் இழுத்துக்கொண்டிருந்தான். நடு ஆற்றில் தெப்பம் சாய, தொலோசாவின் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் புத்தகப் பைகளைச் சட்டென்று தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு இது பழக்கம்.

அக்கரையில் விடுதியும் இல்லை, வேலி போட்ட நிலமும் இல்லை. சோளக்கொல்லைகளும் பன்றிக் கொட்டில்களும்தான்.

திரும்பி வரும்போது தெப்பக்காரனிடம் பேச்சுக் கொடுத்தார். செனட்டரம்மா இந்தப் பக்கம் வந்ததுண்டா?

“வந்தாங்க சார். மழைக்காலத்துல, இதே தெப்பத்துல.”

“யாரைப் பாக்க?”

“என்னைத்தான்.”

“நீ அவங்களுக்கு என்ன வேணும்?”

அவன் கயிறு இழுப்பதை நிறுத்தினான். பிறகு மறுபடி இழுத்தபடியே தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தான். கரை சேர்ந்த பிறகும் தொலோசா இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

தொலோசா பலின்சாய்க்குப் போய்வந்த விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. வாக்கெடுப்பு அன்று பத்திரிகைக்காரர்களுக்கு நிற்க இடமில்லை. வில்மா ஆதரவு ஓட்டுகளைத் திரும்பத் திரும்ப விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பெர்பெதுவா மட்டும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தோற்றால் அடுத்த வருஷமும் இதே மசோதாவைக் கொண்டுவருவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டிருந்தார்.

தொலோசா எழுந்தார். பலின்சாய்க்குப் போனதையும் அந்த ஆற்றைக் கடந்ததையும் சொன்னார்.

“என் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கிறேன். என் ஓட்டு மசோதாவுக்கு ஆதரவு.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அவரை நம்பி எதிர்த்தவர்களும் இந்தப் பக்கம் சாய, மசோதா நிறைவேறியது.

வெளியே, தாழ்வாரத்தில் ஆளில்லாத இடமாகப் பார்த்து தொலோசா பெர்பெதுவாவை நிறுத்தினார். ‘மாண்புமிகு உறுப்பினர்’ என்கிற அவைப் பேச்செல்லாம் போய்விட்டிருந்தது.

“அக்கா, அந்தத் தெப்பக்காரன் எல்லாத்தையும் சொன்னான். அவன் ஓட்டின லாரி பிரேக் பிடிக்காம உங்க பையன் மேல ஏறினது, அவன் ஜெயிலுக்குப் போனது. தீர்ப்பு சொன்ன அன்னிக்கு ஆத்துல வெள்ளம், அவன் பெண்டாட்டி கைக்குழந்தையோட கோர்ட்டுக்கு வர முடியாமக் கரையிலேயே நின்னது... எல்லாத்தையும்.”

யாராவது கேட்கிறார்களா என்று பெர்பெதுவா சுற்றும் பார்த்தார்.

“இதை நீங்க அவையிலயே சொல்லியிருந்தா ஒருத்தரும் எதிர்த்திருக்க மாட்டோமே. ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா மறுநாள் பேப்பர்ல அவன் பேர் வந்திருக்கும். அப்புறம் அவன் பொண்ணு பள்ளிக்கூடத்துல எப்படி மத்த பிள்ளைங்களோட உக்காரும்?”

அவர் கிளம்பினார். இரண்டடி வைத்தவர் நின்று, திரும்பாமலே சொன்னார்.

“பள்ளிக்கூடம் போன என் பையன்தான் திரும்பி வரல, தம்பி. அவ போயிட்டு வரட்டும்.”