குணம் தெரியுதா?

மனநல சிகிச்சைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று நாடு முழுக்க எடுத்த கணக்குக்காக, ஜோகுபாளையத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள் சோனியா. ஆதிகேசவன் வீட்டில் உடனே பதில் கிடைத்தது.

"எழுதிக்கம்மா. என் சம்சாரம் சொர்ணம் ஆஸ்பத்திரிக்குப் போறா."

"அவங்களையே கேக்கணும் சார்."

"பைத்தியத்துக்கு என்னா தெரியும்? நான் சொல்றேன். என்னையே எதிர்த்துப் பேசுவா. ரெண்டு வெச்சா, தெருவே கூடற மாதிரி கத்துவா. அதான் டாக்டர்கிட்ட கூட்டினு போனேன்."

கதவோரம் நின்ற சொர்ணம், அவர் குடித்து வைத்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டாள். சோனியாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாங்களா?"

"பின்ன? மாசாமாசம் நானே வாங்கியாறேன். இப்ப வூட்ல சண்டை இல்ல, பேஜாரு இல்ல."

பெரிய கொட்டாவி ஒன்றை விட்டுவிட்டு ஆதிகேசவன் உள்ளே படுக்கப் போனார்.

சோனியா குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொல்லுங்கக்கா. மாத்திரையில நெஜமாவே குணம் தெரியுதா?"

"நல்லாவே தெரியுது கண்ணு. முன்னல்லாம் ராத்திரி பூரா அடிப்பாரு. இப்ப காபி குடிச்ச கையோட தூங்கிடறாரு. போன வாரம் லுங்கி அவுந்தது கூடத் தெரியாம தெருவுல நின்னாரு. என்னைப் பைத்தியம்னு ஊர் பூரா சொன்னாரில்ல? இப்ப ஊரு அவரைத்தான் சொல்லுது."

சோனியாவின் பேனா நின்றுவிட்டது.

"சர்க்கரை தூக்கலாப் போட்டா கசப்பே தெரியறதில்ல," என்றாள் சொர்ணம். "அடுத்த மாசம் டாக்டர்கிட்ட நல்லா அழுது, டோஸைக் கொஞ்சம் ஏத்திக்கணும்."