வானவில் பிரசங்கம்

பசிபிக் தீவு நாடான துவாலுவுக்குக் கிறிஸ்தவம் வந்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும் அங்கே இன்னும் ஒருவர்கூடப் பிரசங்கம் செய்யவில்லை என்பது பாஸ்டர் மாட்டியாவின் ஆய்வு முடிவு.

வேதாகமக் கல்லூரியிலிருந்து திரும்பிய வாரமே, சபை விருந்தில் மூப்பர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இதை அறிவித்தார். யாரும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

அவருக்கு முன்னால் இருந்த பெனிட்டுசி பாஸ்டர், கடல் எப்போது ஊருக்குள் வந்தாலும் நோவாவை எடுப்பார். இனி வெள்ளத்தால் பூமியை அழிப்பதில்லை என்று ஆண்டவர் வாக்குக் கொடுத்தார், வானவில்லே சாட்சி, ஆமென்.

"வசனம் சரிதான். ஆனா கால் நனைஞ்சு நிக்கிறவன வசனத்தக் காட்டித் தூங்க வெச்சா அது தாலாட்டு, பிரசங்கம் இல்ல" என்றார் மாட்டியா.

இந்த ஞாயிறு கடல் பெருகியது. பவளத் தரையின் துளைகளில் குமிழியிட்டு ஏறி, ஆலய வாசல்வரை வந்து நின்றது.

"பாஸ்டர், இன்னிக்குப் பிரசங்கம் கணுக்காலோட முடியுமா, முழங்கால் வரைக்கும் போகுமா?" என்று கேட்டார் மூப்பர் நேலு.

முழங்காலையும் தாண்டியது. நோவா வானவில்லுக்குக் காத்திருக்கவில்லை, முதலில் தப்பிக்கப் பேழைக் கப்பலைக் கட்டினான் என்றார் மாட்டியா. நல்ல பிரசங்கம். வசனமும் பிசகவில்லை, ஊரையும் மறக்கவில்லை. நேலுவே தூங்கவில்லை.

முடிந்ததும் வாசலில் லோசா நின்றிருந்தாள். கையில் செருப்பு, இடுப்பில் பிள்ளை. புருஷனைப் புதைத்தது வீட்டு முற்றத்தில். இப்போது அங்கேயும் தண்ணீர்.

"பாஸ்டர், ஆஸ்திரேலியா விசா குலுக்கலுக்குப் பேர் குடுக்க நாளைக்குத்தான் கடைசி. அவரத் தண்ணியில விட்டுட்டுப் போறது பாவமோன்னு இத்தனை நாளும் குடுக்கல. இன்னிக்கு நீங்க பேசினதக் கேட்டா, எங்களுக்குப் பேழை அதுதானோன்னு தோணுது. ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்படியே செய்யறேன்."

கொடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"வானவில் இருக்கே, லோசா. ஆண்டவர் வாக்கு மாறமாட்டார்."

அவள் முகம் தெளிந்தது. "அப்ப இங்கயே இருந்துக்கறோம்." இரண்டு கையாலும் அவர் கையை அழுத்திவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

குலுக்கலுக்குப் பெயர் வாங்கத் தொடங்கிய அன்று விடிந்ததுமே, முதல் ஆளாய்ப் போய்த் தன் குடும்பத்தின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தவர் மாட்டியா. மூப்பர்களுக்குக்கூடச் சொல்லவில்லை. போட்டியில் ஒரு பெயர் குறைந்தால் நல்லதுதானே என்று ஒரு கணம் தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

காதுவரை சுட்டது. கூப்பிடலாம். தண்ணீருக்குள் அவள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

அதற்குள் நேலு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பாஸ்டர், நானும் அந்தக் குலுக்கல் விஷயமாத்தான்..."

மாட்டியா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நோவாவிலிருந்து ஆரம்பித்தார்.